மஞ்சள் பந்து கடைசியில்

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேசிக்கொள்ள ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்தான். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவருக்குக் காலை ஷிஃப்ட், எனக்கு மதிய ஷிஃப்ட். ஒன்றே முக்காலுக்கு அவர் வேலையை விட்டு இறங்குவார். இரண்டு மணிச் சங்குக்கு நான் ஏறுவேன். சாவி கொடுக்கவே நான் கால் மணி முன்னதாக ஓய்வறைக்கு வந்துவிடுவேன்; அவர் அங்கே வந்து என்னிடம் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போவார். இன்னொரு சாவியை அவர் தொலைத்து மூன்று வருடம் ஆகிறது. புதிதாக ஒன்று செய்ய எனக்கு நேரம் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நேரத்தைத் தேடவும் இல்லை.

காலை ஷிஃப்டில் ஓர் இடம் காலியானது. கேட்டவர்கள் இரண்டு பேர்: நானும், எடை போடும் பிரிவில் இருக்கும் தராசு அண்ணனும். அவருக்குச் சாயங்காலம் ஊர் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். சூப்பர்வைசர் அக்கா, "என் தலைய உருட்டாதீங்க. நீங்களே முடிவு பண்ணிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். ஓய்வறையில், குச்சியால் பந்தைக் குழிக்குள் தள்ளி விளையாடும் பூல் மேஜை இருந்தது. ஐந்து ஆட்டம் என்று பேசிக்கொண்டோம். ஆளுக்கு இரண்டு ஜெயித்தாயிற்று, இன்று கடைசி ஆட்டம்.

தராசு அண்ணனுக்கு மிச்சம் ஒரே ஒரு நீலப் பந்து. அது இடது பக்க நடுக்குழிக்கு ஒரு சாண் மேலே, ஓரத்தை ஒட்டி நின்றது. என்னுடையவை மூன்று: சிவப்பு, பச்சை, மஞ்சள். மஞ்சள், ஜன்னல் பக்கத்து இடது மூலைக்குழியின் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. ஊதினால் விழும்.

"வாயில வச்சத முழுங்கும்மா" என்றார் தராசு அண்ணன்.

"கடைசியா முழுங்கிக்கிறேன்ண்ணே" என்றேன்.

எங்கள் ஓய்வறையில் ஒரு சட்டம் உண்டு. நம்முடைய கடைசிப் பந்து எந்தக் குழியில் விழுகிறதோ, அதே குழியில்தான் ஆட்டத்தை முடிக்கும் கறுப்புப் பந்தையும் போட வேண்டும். கறுப்பு அந்த ஜன்னல் மூலைக்குப் பக்கத்தில்தான் நின்றது. அதனால் மஞ்சள்தான் என் கடைசிப் பந்து. எல்லாரும் முதல் பந்திலிருந்து யோசிப்பார்கள். நான் கடைசியிலிருந்து பின்னால் வருவேன். பெட்டி மடிக்கிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். கடைசி மடிப்பு எது என்று தெரியாமல் முதல் மடிப்பில் கை வைத்தால் மூடி மூடாது.

சிவப்பை வலது நடுக்குழியில் போட்டேன். பிறகு கதவுப் பக்க வலது மூலையில் பச்சை, அப்புறம் மஞ்சள், அப்புறம் கறுப்பு. இதுதான் திட்டம், அதில் பழுதில்லை. ஆனால் கை வேகம் கொஞ்சம் கூடிவிட்டது. குச்சியால் அடித்த வெள்ளைப் பந்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், பச்சையையும் தாண்டி ஓடி, பச்சைக்கு நான் குறித்து வைத்த அந்த மூலைக்குப் பக்கத்திலேயே போய் நின்றது. அங்கிருந்து பச்சையை அந்த மூலைக்குத் தள்ள வழியில்லை.

"போச்சு. இப்பவாவது மஞ்சள எடு" என்று யாரோ சொன்னார்கள். கடிகாரத்தில் ஒன்று ஐம்பத்தைந்து. மஞ்சளை இப்போது போட்டால் பச்சை கடைசியாகிவிடும். அது விழுகிற குழி கறுப்புக்கு ஒத்துவராது. தவறவிட்டாலோ, நீலத்தைத் தராசு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார், பிறகு அவருக்குக் கறுப்பு மட்டும்தான் மிச்சம்.  வேர்வையைத் துடைத்துக்கொண்டு மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

வந்த பிறகுதான் என் முட்டாள்தனம் புரிந்தது. சட்டம் கட்டிப்போடுவது கடைசிப் பந்தை மட்டும். பச்சை எந்தக் குழியில் விழுந்தால் யாருக்கு என்ன? நானே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன். வெள்ளை நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் பச்சைக்கு நேர் எதிரே இடது நடுக்குழி. அது ஏன் கண்ணில் படவில்லை என்றால், அங்கேதான் சாவிக்கு வந்த என் வீட்டுக்காரர் குழியை மறைத்துச் சாய்ந்து நின்றார்.

"கொஞ்சம் நகருங்க. மலை மாதிரி நிக்கிறீங்க."

நகர்ந்தார். பச்சை நீலத்தைத் தொடாமல் உள்ளே போனது. வெள்ளை அதன் பின்னாலேயே உருண்டு, மேஜைக்கு நடுவில் நின்றது. அடுத்து மஞ்சள். வெள்ளையின் அடிவயிற்றில் குத்தினேன். மஞ்சளை உள்ளே தள்ளிவிட்டு அது கறுப்புக்கு எதிரே திரும்பி வந்தது. அதன் பிறகு நான் அவசரப்படவில்லை. கறுப்பு போன சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

தராசு அண்ணன் குச்சியைச் சுவரில் சாய்த்தார். "சரிம்மா, காலையில நீயே எந்திரி."

சங்கு ஊதியது. வழக்கம்போல வீட்டுக்காரரிடம் சாவியை நீட்டினேன். "திங்கக்கிழமையிலேருந்து இது வேணாம். சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம்."

அவர் வாங்கவில்லை. சட்டைப் பையில் கைவிட்டு, தொலைந்துபோன சாவியை எடுத்துக் காட்டினார்.

"எப்பக் கிடைச்சுது?"

"தொலைஞ்ச மறுநாளே."

"அப்ப மூணு வருசமா எதுக்குத் தினமும் வந்து கேட்டீங்க?"

"என்கிட்ட இருக்குன்னா நீ குடுக்க வர மாட்டியே."

 இப்படி ஏமாற்றியதற்கு நன்றாகத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்ட நேரமில்லை, வரிசை உள்ளே போய்க்கொண்டிருந்தது. என் சாவியை அவர் கையில் திணித்தேன். அவருடையதைப் பிடுங்கிக்கொண்டு மெஷினுக்குப் போனேன். திங்கட்கிழமை சாவகாசமாகத் திட்டிக்கொள்ளலாம்.