ஒன்றும் அசையவில்லை

'எண்ணிக்கை அறுபது மில்லியன். ஒன்றும் அசையவில்லை. அத்தனையும் செத்தவை.'

விந்துச் சோதனைக் கடதாசியில் இப்படிப் போட்டிருந்ததை வாசித்த அன்றே என் புருசன் யாக்கோப்பு தன் சாரங்களை மடித்துப் பையில் வைத்துவிட்டார். எங்களுக்குக் கலியாணமாகி ஆறு வருசம், பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது. கல்லடி வீடு எனக்குத் தந்த சீதனம்.

"குறை என்னிலதான் பீற்றிஸ். நான் தன்னாமுனைக்கு, எங்கட அம்மாட்டப் போறன். நீ வேற ஆளப் பார்" என்றார்.

கோயிலில் மோதிரம் மாற்றியவளுக்கு வேறு ஆளாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் பத்து நாள் அவரோடு கதைக்கவே இல்லை. விந்தோடு சேர்த்துக் கொடுத்து, கொழும்புக்கு அனுப்பியிருந்த இரத்தச் சோதனையின் முடிவு வரும்வரைக்கும் நில்லுங்கள் என்று மட்டும் சொல்லிவைத்தேன். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்ததால் கொழும்பிலிருந்து அது பிந்தித்தான் வந்தது. அதை எடுத்துக்கொண்டு டவுனில் டொக்டர் வினாயகமூர்த்தியிடம் போனோம். அவர் இரண்டு கடதாசிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஹோர்மோன் எல்லாம் திறம். இது இரத்தத்தோட போய், விதையில இருக்கிற மரபணுக்கள எழுப்பி வேலை வாங்கும். அது சொன்னாத்தான் உயிரணு உருவாகும், நீந்தவும் பழகும். இஞ்ச ஹோர்மோன் சொல்றதும் சரியா இருக்கு, அறுபது மில்லியன் உருவாகியும் இருக்கு. மறுகா ஒண்டு விடாம எப்பிடிச் சாகும்? போத்தல எப்பிடிக் கொண்டந்தீங்க?"

யாக்கோப்பு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

விந்தைப் போத்தலில் எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் டவுனில் சோதிக்கிற இடத்தில் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் வரிசையோ இரண்டு மணித்தியாலம். நான் மீன் விற்கிறவள். கெட்டுப்போகக் கூடாத சாமானுக்கு நான் வேறு என்னத்தைச் செய்வேன்?

"ஐஸ் போட்டனான் டொக்டர். மீன் பெட்டி நிறையப் போட்டனான்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "என்ன பிள்ள நீங்க, அது இறாலா? உடம்புச் சூட்டுல கொண்டரவேணும். நீங்களே எல்லாத்தையும் விறைக்கவச்சுச் சாகடிச்சிருக்கீங்க!"

வெட்கத்தில் எனக்கு உயிரே போய்விட்டது.

டொக்டர் மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். இந்த முறை போத்தலுக்குப் பாலமும் இல்லை, பெட்டியும் இல்லை. டொக்டரின் பின்னறையிலேயே காரியம் முடிந்தது. அவர் பார்த்துவிட்டு, யாக்கோப்பையும் நுணுக்குக்காட்டிக்குள் பார்க்க விட்டார்.

"பீற்றிஸ், ஓடுது கா! கூனி இறால் மாதிரித் துள்ளுது!"

நானும் பார்த்தேன். மாதாவே! ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஓடின. என் நெஞ்சில் ஏறிக் கிடந்த பாரம் அப்படியே இறங்கியது. "உங்கள்ள ஒரு குறையும் இல்ல யாக்கோப்பு. பயப்படாமப் போங்க" என்றார் டொக்டர்.

வீட்டுக்குத் திரும்பும்போது, பாலத்து வரிசையில் நின்றுகொண்டு என் புருசன் மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் தன்னாமுனைக்குப் போகத் தேவையில்ல, என்ன?"

அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் அங்கேயே பொங்கிவிட்டது. "செத்ததெண்டு கடதாசி வந்தப்ப நான் போகச் சொன்னனா? பிள்ளைக்காகவா உங்கள வீட்டுக்க எடுத்தனான்? பிள்ள வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். என்னட்டக் கேக்காம என்ட வீட்ட விட்டுப் போக நீங்க ஆரு?"

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்னால் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது, ஆமிக்காரனும் பார்த்தான். ஆறு வருசமாகத் தெருவில் என் பக்கத்தில்கூட நடக்க வெட்கப்படுகிற மனுசன், அவ்வளவு பேருக்கும் முன்னால் என் கையைப் பிடித்தார். சாவடி வரும்வரைக்கும் விடவில்லை.