நஜ்மாவின் ரத்தம்

ஏழு வயதில் இறந்துபோன நஜ்மாவின் ரத்தம், தஞ்சாவூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் குளிர்பெட்டியில் இருபது வருடம் வளர்ந்தது. டாக்டர் குந்தவை நாள் தவறாமல் அதைப் பரிசோதித்து நோட்டில் எழுதிவந்தார். ரத்தப் புற்றுநோயைப் பற்றி அறுபது கட்டுரை எழுதியவர் இதை மட்டும் எங்கும் வெளியிடவில்லை. வெளியிட்டால் முதல் வரியிலேயே தன் வாயைப் பற்றி எழுத வேண்டியிருக்கும்.

நடந்தது இதுதான். 2003 ஐப்பசியில், எட்டு மாத ஊசி மருந்துக்குப் பிறகு, நஜ்மாவின் எலும்பு மஜ்ஜையில் புற்றணு ஒன்றுகூடத் தென்படவில்லை. அன்று குந்தவைக்குச் சென்னை மாநாட்டுக்கு ரயில். அந்தக் குழந்தையையும் சேர்த்துத்தான் தன் மருந்துமுறைக்கு நூற்றுக்கு எண்பது வெற்றி என்று மேடையில் படிக்கப்போகிறார். கால் தரையில் பாவவில்லை. வராந்தாவில் எழுந்து நின்ற தாய் கமருன்னிஸாவிடம், "அடங்கிடுச்சும்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இரண்டரை வருடம் மாத்திரையை விடக் கூடாது என்பது சீட்டில் இருந்தது, ஆங்கிலத்தில். பேராவூரணிக்குப் போனதும் கமருன்னிஸா பூத்திலிருந்து குவைத்துக்குப் போன் போட்டு, கணவர் ஹாஜா மைதீனிடம் அந்த ஒரு சொல்லை அப்படியே ஒப்பித்தார். அவர்கள் பேச்சில் அடங்குவதென்றால் மண்ணுக்குள் போவது; போனது எழுந்து வராது. கையிலிருந்த மாத்திரை தீர்ந்ததும் யாரும் மறுபடி வாங்கவில்லை. எட்டாம் மாதம் நோய் திரும்பியது. பத்தாம் மாதம் நஜ்மாவை அடக்கம் செய்தார்கள்.

செய்தி வந்த மறுநாள், பழைய மாதிரிகளைக் கொட்டிவிடச் சொன்னார் குந்தவை. அந்த ஐப்பசியில் எடுத்த நஜ்மாவின் ரத்தம் இருந்த குழாயைக் கையில் எடுத்த டெக்னீஷியன் தியாகேசன், "மேடம், இது வெதுவெதுன்னு இருக்குங்க" என்றார். ரத்தம் உறையவும் இல்லை. கண்ணாடியில் தடவிப் பார்த்தபோது ஏழெட்டு புற்றணுக்கள் கோரைக்கிழங்கு மாதிரி ஒளிந்து கிடந்தன. கோரையை மேலோடு அறுத்தால் போதாது என்பது ஒரத்தநாட்டு விவசாயி மகளான குந்தவைக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒரு நிமிடம் நின்று சொல்லாமல் ரயிலுக்கு ஓடினார், பாவி. குழந்தைக்கு எழுதிக்கொடுத்த அதே மாத்திரையைப் பொடித்து, தினமும் மாலையில் குழாயில் கலந்தார். இரண்டரை வருடம் ஒருநாள் விடவில்லை. நோய் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அவருக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவருடைய வார்டில் 'அடங்கிடுச்சு' என்று எவரும் சொல்லக் கூடாது. 'பதுங்கியிருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லால் பிழைத்த பிள்ளைகள் பலர். குழாயும் தன் போக்கில் வளர்ந்தது. ரமலானில் பகலெல்லாம் சர்க்கரை இறங்கி, மாலை பாங்கு சொன்னதும் ஏறியது. பதிமூன்றாம் வயதிலிருந்து மாதாமாதம் இரும்புச்சத்து குறைந்தது. கஜா புயலில் பேராவூரணித் தென்னைகள் சாய்ந்தபோது மூன்று நாள் நடுங்கியது. 2024 தை மாதம், கர்ப்பம் பார்க்கும் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. தியாகேசன் கடைக்குப் போய் லட்டு வாங்கிவந்தார்.

ஆனியில் குந்தவை ஓய்வு பெற்றார். குழாயைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பேராவூரணிக்குப் பஸ் ஏறினார். கேட்கவேண்டிய மன்னிப்பைப் பட்டுக்கோட்டை வரை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். கமருன்னிஸாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குந்தவை சொன்னதை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார்.

"மாத்திர குடுத்திருந்தா பொழச்சிருக்குமா, டாக்டரம்மா?"

"பொழச்சிருக்கும்மா."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும். என்னை மன்னிச்சிருங்க."

கமருன்னிஸா கையை நீட்டினார். குழாயை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"எத்தன மாசம்?"

"ஏழு."

"தலப்பிரசவம் தாய் வீட்டுலதான். இவ இங்க இருக்கட்டும். நீங்க போங்க."

புரட்டாசியில் அந்த வீட்டில் தொட்டில் கட்டினார்கள். தெருக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்து, பெண் குழந்தை, மூக்கு அப்படியே நஜ்மா என்று சொல்லி, சர்க்கரை வாங்கிக்கொண்டு போனார்கள். பெயர் வைக்கும் நாளைக்கு ஒரத்தநாடு வரை சொந்தக்காரர்களுக்கெல்லாம் அழைப்பு போனது. தஞ்சாவூருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.