கலைவாணி எடுத்துக்கொண்ட முகம்

தொண்ணூற்றாறாம் வருஷம், ஆந்திர எல்லை ஊரான நகரியில் மதியம் ஆனால் கரண்டு போய்விடும். தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்த தறிகள் ஒரே நேரத்தில் அடங்கிவிடும். அப்படி ஒரு மதியம், பத்தாவது படிக்கும் சந்தியா நைனா என்று அவள் கூப்பிடும் அப்பா சிவசங்கரனின் பவர்லூம் கொட்டகையில், நின்றுபோன தறியின் மோட்டார் மேல் சும்மா கையை வைத்தாள். உள்ளங்கையில் எறும்பு ஊர்ந்தது போல் இருந்தது. உடனே தறி ஓட ஆரம்பித்தது. கையை எடுத்தாள், நின்றது. மறுபடி வைத்தாள், ஓடியது. கொட்டகையில் வேறு யாரும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே குதித்தாள்.

அவள் அதைச் சொன்னது ஒரே ஒருத்தியிடம். கலைவாணி, அதே வகுப்பில் பக்கத்தில் உட்காருபவள். அவள் அம்மா மல்லிகா வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. பெரியம்மா செங்கம்மாவின் வீட்டில்தான் கலைவாணி இருந்தாள்.

கலைவாணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, தனக்கும் ஒன்று வரும் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பினாள். அவள் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது அங்கே கணக்கு டீச்சர் உட்கார்ந்திருந்தார், கலைவாணியின் தாவணியில். காலையில் டீச்சரின் கையைத் தொட்டாளாம். யார் கையைத் தொட்டாலும் அவர்கள் முகமும் குரலும் கொஞ்ச நேரத்துக்குத் தனக்கு வரும், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றாள். சந்தியா அவள் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். உலகத்தில் தான் மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல் சந்தியா சந்தோஷமாக இருந்ததே இல்லை. கலைவாணி தலைமையாசிரியை முகத்தோடு வந்து வகுப்புக்கே அரைநாள் லீவு விட்டாள். புத்தூர் ரோட்டில் பேட்டரி செத்து நின்ற பஸ்ஸின் மேல் சந்தியா கை வைத்தாள், பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. டிரைவர் தன் கைராசி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். இருவரும் பின்சீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கலைவாணி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"கையைப் புடிச்சிகினு கரண்டை வுடுடி. இன்னா ஆவுதுன்னு பாக்கலாம்."

சந்தியா விட்டாள். உடம்பெல்லாம் ஒரு உதறல். கண்ணைத் திறந்தபோது எதிரே அவளே நின்றாள். சந்தியா தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். கலைவாணியின் மோவாய், கலைவாணியின் மூக்குத்தி. இந்த முறை முகம் இரவல் போகவில்லை, இடம் மாறியிருந்தது. சந்தியா வாயைத் திறப்பதற்குள் கலைவாணி அவளுடைய புத்தகப்பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

சந்தியா நேராகத் தன் வீட்டுக்கு ஓடினாள். அம்மா கமலம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"கலைவாணியா? சந்தியா துன்னுகினு கீறா. உள்ள வா."

உள்ளே கலைவாணி சுடுசோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான்தான் சந்தியா என்று சந்தியா சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள். கமலம்மா சிரித்தாள். இவள் எப்போதும் இப்படித்தான் விளையாடுவாள் என்று உள்ளேயிருந்து சந்தியாவின் குரலில் பதில் வந்தது. சொன்னவளின் தலை நிமிரவில்லை.

கை வைத்துக் காட்டலாமா என்று சந்தியா ஒரு நொடி நினைத்தாள். அப்போதும் கலைவாணிக்குத்தான் அந்தச் சக்தி என்பார்கள். அவள் செங்கம்மா வீட்டுக்கு நடந்தாள்.

அங்கே யாரும் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஏன் லேட் என்றுகூடக் கேட்கவில்லை. சோறு மூடி வைத்திருந்தது. செங்கம்மா தன் பிள்ளைகளுடன் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தியா தனியாகச் சாப்பிட்டாள். கோபத்தில் விரல் நுனியெல்லாம் பொறி பறந்தது. ஆனால் மூன்றாம் நாள், கோபத்தின் நடுவே, கலைவாணி தினமும் இப்படித்தான் சாப்பிட்டிருக்கிறாள் என்ற நினைப்பும் வந்தது. பள்ளியில் கலைவாணி கடைசி பெஞ்சுக்கு மாறியிருந்தாள். சந்தியா பக்கத்தில் போனாலே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். குவைத்திலிருந்து போன்.

"பாப்பா, நான் வந்துகினு கீறேன்டி," என்றது மல்லிகாவின் குரல். "நாளைக்கு மெட்ராஸ்ல எறங்கறேன். மலைக்குப் போயி மொட்டை போட்டுட்டுத்தான் ஊட்டுல கால் வெக்கணும்னு வேண்டுதலு. நீ சாயங்காலம் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு. இனிமே எங்கயும் போவ மாட்டேன்."

சந்தியா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சரி என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு ஓடினாள், தன் வீட்டுக் கொட்டகைக்கு. அங்கே கலைவாணி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். சந்தியா விஷயத்தைச் சொன்னதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பொய்யி. முகத்தைத் திருப்பி வாங்கறதுக்கு சொல்ற."

"நீ வராட்டி போ. உங்கம்மா என்னியதான் கட்டிக்கும்," என்றாள் சந்தியா.

மறுநாள் சாயங்காலம் பள்ளி விட்டதும் யூனிபார்மோடே அவள் திருப்பதி பஸ் ஏறினாள். பஸ் நகர்ந்த பிறகு பின்படியில் ஒருத்தி தொற்றி ஏறினாள். கண்டக்டர் தெலுங்கில் திட்டித் தீர்த்தார். கலைவாணிதான், அவளும் யூனிபார்மில். புத்தூர் தாண்டும்வரை அவள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஒரே கூட்டம். மெட்ராஸிலிருந்து வந்த வேனிலிருந்து பெரிய பெட்டிகளோடு சில பெண்கள் இறங்கினார்கள். அதில் ஒருத்தி பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வந்த வேகத்தில் சந்தியாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எவ்வளவு வளர்ந்துவிட்டாள், எவ்வளவு இளைத்துவிட்டாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் தோளுக்கு மேலே சந்தியா பார்த்தாள். தூணுக்குப் பக்கத்தில் கலைவாணி நின்றிருந்தாள், சந்தியாவின் முகத்தோடு. உதடு கோணிக்கொண்டிருந்தது. தன் வீட்டு வாசலில் தானும் இப்படித்தான் நின்றிருப்போம் என்று சந்தியாவுக்குத் தோன்றியது. மல்லிகாவின் பிடிக்குள்ளிருந்து ஒரு கையை உருவி நீட்டினாள்.

கலைவாணி ஒரே எட்டில் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சந்தியா தன்னிடம் இருந்த அத்தனையையும் விட்டாள். பழைய உதறல் மறுபடி வந்து, முகங்கள் இடம் மாறின. பஸ் ஸ்டாண்டின் டியூப்லைட்டுகள் எல்லாம் வெடுக்கென்று வெள்ளையாக எரிந்தன. கேசட் கடைகள் மூன்றும் ஒரே நேரத்தில் அலறின. நின்றுகிடந்த மின்விசிறிகள் சுழன்று, டிக்கெட்டுகள் காற்றில் பறந்தன. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மல்லிகாவும் பார்த்தாள். அந்த நொடியில் சந்தியா குனிந்து நழுவி, கலைவாணியை அந்தக் கைகளுக்குள் தள்ளிவிட்டாள்.

மல்லிகா மகளின் முகத்தைப் பிடித்துப் பார்த்தாள். உடம்பு ஏன் இப்படிச் சுடுகிறது என்று கேட்டாள். கலைவாணி அந்தக் கையைத் தன் கன்னத்தோடு அழுத்திக்கொண்டாள். அம்மா என்ற ஒரே வார்த்தைதான் வந்தது, அதுவும் அவளுடைய சொந்தக் குரலில்.

கொஞ்ச நேரம் கழித்து, அம்மாவின் விரலை விடாமலே அவள் சந்தியாவிடம் திரும்பினாள்.

"நான் குடுத்துடணும்னுதான்டி இருந்தேன்."

"தெரியும்," என்றாள் சந்தியா. தெரியாது. இருந்தாலும் அப்படிச் சொன்னாள்.

கடைசியாக வந்த பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவள் ஊர் போய்ச் சேர்ந்தாள். வாசலில் நின்ற அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். கமலம்மா அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"அதான் பாத்தேன்," என்றாள். "துன்ன தட்டைத் தானே கழுவி வெச்சிகினு இருந்தா. ஒரு வேளை கூட சண்டை போடல. உனக்கு ஜொரமோ இன்னாமோன்னு பயந்துகினு இருந்தேன்."

பிறகு, அந்தப் பெண்ணின் அம்மா நிஜமாகவே வந்துவிட்டாளா என்று கேட்டாள். வந்துவிட்டாள் என்றதும் பெருமூச்சு விட்டாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, மகளின் உள்ளங்கையைத் தயங்கித் தயங்கித் தொட்டாள். தாயின் கையில் இருந்த ரோமமெல்லாம் சிலிர்த்து நின்றது. கமலம்மா கையை எடுக்கவில்லை. கொட்டகைப் பக்கம் திரும்பி, தறியை எல்லாம் நிறுத்திவிட்டு உடனே வந்து இந்தக் கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, சந்தியாவின் நைனாவை உரக்கக் கூப்பிட்டாள்.