தோல் சோபாவுக்குப் பூக் கேட்டது

போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருந்த சென்னிமலை, தாலி கட்டிய நாளிலிருந்து பெண்டாட்டியிடம் ஒரு யோசனை கேட்டவர் இல்லை. காடு தோட்டத்தை விற்று முதல் வண்டி வாங்கினபோது கேட்கவில்லை. ஜேடர்பாளையம் ரோட்டில் தார்சு போட்ட கான்கிரீட் வீடு கட்டினபோது, சமையல்கட்டை எந்தப் பக்கம் வைக்கலாம் என்றுகூடக் கேட்கவில்லை. அதனால்தான் வசந்தாமணி இன்றைக்கும் புகை மூஞ்சியில் அடிக்க அடிக்கச் சோறாக்குகிறாள். அப்பேர்ப்பட்ட மனுசர், எண்பத்திரண்டாம் வருசம் மழைக்கு வேலை நின்று ஆந்திராவிலிருந்து ஊர் வந்தவர், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஹாலில் கிடந்த வயர் நாற்காலியைக் காலால் தள்ளினார்.

“தோல் சோபா ஒண்ணு செய்யலாம்னு இருக்கறன். எந்தத் தோலு நல்லா இருக்கும்? உனக்குத்தான் மாடு கன்னு அத்துப்படி. நீயே வந்து பாத்து எடு வசந்தா.”

‘நீயே’ என்ற அந்த ஒரு சொல்லில் வசந்தாமணி விழுந்துவிட்டாள். இருந்தாலும் பழக்கம் விடுமா?

“தோலுங்களா? செருப்பையே வாசப்படிக்கு அந்தாண்டதான உடறோம். ஊட்டுக்குள்ள எப்படிங்க?”

“டாக்டருங்க ஊட்டுலயெல்லாம் அதுதான் போட்டிருக்கறாங்க. பசுத்தோலு ஆகாதுன்னா வேற எடு.”

பசுத்தோலை அவள் நினைத்தும் பார்க்க மாட்டாள். பட்டிப் பொங்கலுக்குக் காலில் விழுந்து கும்பிடுகிற ஜீவன் மேல் எப்படிக் காலை மடக்கி உட்காருவது? எருமை என்றால் பரவாயில்லை என்று பட்டது. பிறந்த ஊரில் எருமைகளோடு வளர்ந்தவள். அதன் உடம்பில் கை வைத்தாலே சினையா காய்ச்சலா என்று சொல்லிவிடுவாள். ஆனாலும் செத்ததன் தோல். விளக்கு வைக்கிற வீட்டுக்குள் அது வரலாமா கூடாதா என்று சொல்ல, அவளுக்குக் குலசாமியை விட்டால் வேறு ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாள். பெண் எடுக்க, கிணறு வெட்ட என்று அந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. ஆனால் சோபாத் தோலுக்குப் பூக் கேட்டவர் அதுவரை யாரும் இல்லை. பூசாரி காளியப்பனுக்கே சிரிப்பு வந்து, சாமிக்குப் பயந்து அடக்கிக்கொண்டார். வசந்தாமணி கண்ணை மூடி ஒரு மடிப்பை எடுத்தாள். வெள்ளை.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவில் சுப்பையனின் சீட்டுக் கடை. டிரைவர் சீட்டு தைக்கிறவன்தான். சொன்னால் சோபாவும் செய்வான். சென்னிமலை வெளியே நின்று பீடி பிடிக்க, சுப்பையன் தோல்களை ஒவ்வொன்றாக விரித்துப் போட்டான். செம்மறித்தோல் கன்னம் மாதிரி மெத்தென்று இருந்தது. அவள் மடக்கி இழுத்ததும் ஓரம் பிய்ந்தது. வெள்ளாட்டுத்தோல் உறுதிதான், ஆனால் சின்னச் சின்னதாக இருந்தது. ஒரு சோபாவுக்கு எத்தனையை ஒட்டுப் போடுவது? பசுத்தோலைச் சுப்பையன் எடுக்கும்போதே கையைக் காட்டித் தடுத்துவிட்டாள்.

எருமைத்தோல் கனமாக வந்து விழுந்தது. நகத்தால் கீறினாள். விரலில் தண்ணீர் தொட்டு வைத்து, எவ்வளவு நேரத்தில் குடிக்கிறது என்று பார்த்தாள். மோந்து பார்த்தாள். தோல் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டையின் துவர்ப்பு வாசம். வெளியே நின்ற புருசனைக் கூப்பிட்டாள்.

“ஆட்டுத்தோலு ஒட்டுப் போடோணுமுங்க. இதுதானுங்க. உக்கார உக்காரப் பதமா வரும். மாசம் ஒருக்கா எண்ணெ தொட்டுத் தொடச்சா நம்ம காலத்துக்கும் இருக்கும்.”

அந்தத் தோலில் ஒரு சாண் நீளத்துக்கு ஆறின தழும்பு இருந்தது. முள்கம்பியில் மாட்டியிருக்க வேண்டும். “இத அடியில மறச்சுத் தச்சுடறனுங்கம்மா” என்றான் சுப்பையன்.

“வேண்டாமுங்க. கை வெக்கற எடத்துல வரட்டும். உசுரோட இருந்ததுன்னு தெரியோணும்.”

வீடு திரும்பி ஹாலைக் கழுவினாள். சோபா வருகிற சுவரில் இருந்த சாமி படங்களைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டினாள். பக்கத்துக் காட்டு நல்லம்மாளிடம், “எங்கூட்டுக்காரரு என்னையத்தான் எடுக்கச் சொன்னாரு” என்று வாய் ஓயாமல் சொன்னாள். சோபாவைப் பற்றியா சொன்னாள்? தன்னிடம் யோசனை கேட்டதைப் பற்றிச் சொன்னாள். பாவம், அதைச் சொல்ல அவளுக்கு வேறு சாக்கு இல்லை.

ஐப்பசியில் வரும் என்றார் சென்னிமலை. வரவில்லை. கார்த்திகையில் கேட்டாள். தோல் மழையில் பூஞ்சை பூத்துப்போச்சு, திருப்பி அனுப்பிட்டேன் என்றார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் புளுகு தை வரைக்கும் ஓடியது, நம்புகிறவள் அவ்வளவு ஆசையாக நம்பினாள்.

தை கடைசியில் ரிக் டிரைவர் மயில்சாமி காரோடு வந்து நின்றான்.

“அண்ணனுக்கு நெஞ்சு வலிங்கக்கா. சேலத்துல இருக்கறாரு.”

“எந்த ஆஸ்பத்திரி?”

மயில்சாமி தரையைப் பார்த்தான். “ஊட்டுலதானுங்க. டாக்டரு வந்து பாத்துட்டுப் போயிட்டாரு.”

யார் வீடு என்று அவள் கேட்கவில்லை. காரில் ஏறினாள்.

சேலம் அஸ்தம்பட்டியில் சின்ன மச்சு வீடு. கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதுதான் இருக்கும். பெயர் சௌந்திரம் என்றாள். உள் அறையில் சென்னிமலை ஊசி போட்ட மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். உசுருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னாராம். வசந்தாமணி அறை வாசலில் நின்று அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு ஹாலுக்கு வந்தாள்.

“உக்காருங்கக்கா” என்றாள் சௌந்திரம்.

உட்கார்ந்தாள். கையை வைத்த இடத்தில் அந்தத் தழும்பு தட்டுப்பட்டது.

 சௌந்திரத்துக்குப் பயத்தில் வாய் தானாக ஓடியது. “அவங்களே பாத்துப் பாத்து எடுத்தாங்கக்கா. ஆட்டுத்தோலு ஒட்டுப் போடணும், எருமத்தோலுதான் உக்கார உக்காரப் பதமா வரும்னு சொல்லி…”

 இன்னொருத்தி இருப்பாள் என்று வசந்தாமணிக்கு அரைகுறையாகத் தெரியும். ரிக் ஓட்டப் போன ஆம்பிளைகளின் பெண்டாட்டிகள் அதை எண்ணிப் பார்க்காமல் படுப்பதில்லை. அது கூடப் போகட்டும். ஆனால் இத்தனை வருசத்தில் ஒரே ஒரு தடவை அவளைக் கேட்டது, இதற்காகக் கேட்டிருக்கிறார். அவள் கையை இரவல் வாங்கி இவளுக்கு இருக்கை போட்டிருக்கிறார். அவள் சொன்ன வார்த்தையையும் விடவில்லை, அதையும் கொண்டுவந்து தன் வார்த்தையாக இங்கே கொட்டியிருக்கிறார்.

கத்தலாம், முடியைப் பிடித்து இழுக்கலாம். உள்ளே நெஞ்சு வலிக்காரர் கிடக்கிறார். அவள் எழுந்தாள்.

“எண்ணெ போட்டுத் தொடைக்கறயா?”

“இல்லீங்கக்கா.”

“மாசம் ஒருக்காத் தொடை. இல்லீனா வெடிச்சுப் போகும்.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தன் வீட்டு சோபாவுக்கென்று வைத்திருந்த அக்கறையை இங்கே வந்து சொல்லிவிட்டாளே.

திரும்பும்போது கோயில் பக்கம் காரை நிறுத்தச் சொன்னாள். காளியப்பன் திருநீறு கொடுத்துக்கொண்டே கேட்டார்.

“என்ன அம்மிணி, சோபா வந்துருச்சா?”

“வந்துருச்சுங்க.”

“நல்லா இருக்குதா?”

“நல்லா இருக்குதுங்க. ஒரு குத்தம் சொல்ல முடியாது.” திருநீற்றை நெற்றியில் வைத்தாள். பாதி மூக்கில் உதிர்ந்தது. “ஆத்தா சரியாத்தான் வெள்ளப்பூக் குடுத்தா. எந்த ஊட்டுக்குன்னு நாந்தானுங்க கேக்கல.”