நாற்பத்தோராவது சீட்டு

அக்கா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் சபையில் நடந்ததைச் சொன்னால்தான் எனக்கு வாய் வரும். நடுவில் போன் போடாதே, முழுக்கக் கேள்.

எங்கள் சபை ஒரு டயர்க் கடையின் மாடியில் கூடுகிறது. கீழே காற்றடிக்கும் மெஷின் உறுமினால் மேலே பாட்டை நிறுத்துவோம், அடங்கியதும் விட்ட அடியிலிருந்து பிடிப்போம். தெருக்கோடி மீன் டப்பா தொழிற்சாலையை மூடிய பிறகு, மெஷின் சும்மா இருந்தாலும் பாட்டு ஏறவில்லை. சபையில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. புது வேலை கிடைத்தவர்கள் கிடைக்காதவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசினார்கள். கிடைக்காதவர்கள் கடைசி ஜெபத்துக்கு முன்பே படியிறங்கிவிடுவார்கள். மூன்று குடும்பங்கள் ஊரையே விட்டுப் போய்விட்டன.

ஒரு ஞாயிறு, எங்கள் போதகர், ஐயா என்றுதான் கூப்பிடுவோம், பிரசங்கத்துக்கு எழுந்தவர் பைபிளை மூடிவிட்டு ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தார். மனதை அழுத்துவதைப் பெயர் போடாமல் எழுதிக் காணிக்கைப் பையில் போடச் சொன்னார். பையோடு உள்ளறைக்குப் போய் எண்ணினார். எண்ணுவதற்கு ஏன் இத்தனை நேரம் என்று எனக்கு அப்போதே ஒரு உறுத்தல். வெளியே வந்து பையைக் குலுக்கி, ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். அடுத்த ஞாயிறு வரை அந்தச் சீட்டுக்காகத் தினமும் ஜெபிக்க வேண்டும். எழுதியது யாரென்று துருவக் கூடாது.

எனக்கு வந்த சீட்டு விசித்திரமாக மடிக்கப்பட்டிருந்தது. இரண்டு ஓரமும் உள்ளே போய், முனை ஒரு மடிப்புக்குள் இறுக்கமாகச் சொருகியிருந்தது. பிரித்தேன். ‘என்னால் இனி முடியவில்லை. இந்த மாதக் கடைசியில் சபையை விட்டுப் போய்விடலாம் என்றிருக்கிறேன். யாரிடமும் சொல்லத் தைரியம் இல்லை.’

நீ ஒளித்துவைத்த மார்க் ஷீட்டை அரிசி டிரம்முக்குள்ளிருந்து எடுத்தவன் நான். துருவாமல் இருப்பேனா? ஆனால் வெறும் ஆர்வம் மட்டுமில்லை அக்கா. இந்த ஊரில் எனக்கென்று இருப்பது அந்த மாடிதான். இன்னொருவர் போனால் அவர் பின்னாலேயே நான்கு பேர் போவார்கள். ஆள் தெரிந்தால் கையைப் பிடித்தாவது நிறுத்தலாம் என்று நினைத்தேன்.

இந்தக் காலத்தில் யார் கையெழுத்து யாருக்குத் தெரியும்? மடிப்பை வைத்துத்தான் தேடினேன். ஐயா வாய் திறக்கும் முன்பே ஆமென் சொல்லும் ஒரு பெண்மணிக்கு அலாரம் அத்தை என்று பெயர். அவரிடம் ஒரு போன் நம்பரைத் தாளில் எழுதித் தரச் சொன்னேன். எழுதி, உருண்டையாகக் கசக்கிக் கையில் திணித்தார். கிட்டார் வாசிக்கும் சோடாபுட்டி அண்ணன் பஸ் டிக்கெட்டை உருட்டிக் காது குடைந்துகொண்டிருந்தார். அவரும் இல்லை. வியாழக்கிழமை வரை இப்படி எட்டுப் பேரைச் சோதித்துவிட்டேன். ஒருவர், உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டேவிட்டார்.

அன்றைக்கு எனக்குப் பல்வலி. ஐயா வாரநாட்களில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார், அங்கே போனேன். இரண்டு மாத்திரையை எடுத்தவர் ஒரு தாளைக் கிழித்தார். என்னிடம் பேசிக்கொண்டே, பார்க்காமலேயே, கை தானாக மடித்தது. இரண்டு ஓரமும் உள்ளே போயின. முனை மடிப்புக்குள் சொருகிக்கொண்டது.

பொட்டலத்தை வாங்கினேன். பாக்கெட்டிலிருந்த சீட்டைப் பக்கத்தில் வைத்தேன். ஐயா இரண்டையும் பார்த்தார். பிறகு போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“துருவக் கூடாதுன்னு சொன்னேனேப்பா.”

“நீங்களா ஐயா போறீங்க?”

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நாற்பத்தொரு பேர் இருந்தார்களாம், பையில் நாற்பது சீட்டுதான் இருந்ததாம். யாருக்காவது சீட்டு இல்லாமல் போனால் அந்த ஆள் மனசு வாடும் என்று, கணக்குச் சரியாக வர அவரே ஒன்று எழுதிப் போட்டாராம்.

“அப்ப சும்மா ஏதாவது எழுதியிருக்கலாமே ஐயா.”

“சும்மா ஏதாவது எழுதத்தான் உக்காந்தேன்” என்றார். “வாராவாரம் தைரியமா இருங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கே தொண்டை வத்திப்போச்சு. இன்னும் என் வீட்டம்மாகிட்டகூடச் சொல்லலை.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“குறைஞ்ச சீட்டு என்னோடதுதான் ஐயா. வெறும் கையைப் பைக்குள்ள விட்டு எடுத்துட்டேன். எழுதிட்டா நிஜமாயிடும்னு பயம். எனக்கும் வேலை போயி ஆறு வாரம் ஆச்சு. வீட்டுக்குத்தான் இன்னும் சொல்லலை.”

ஆமாம் அக்கா. நான் கம்பெனி கம்பெனி என்று சொன்னது அந்த மீன் டப்பா தொழிற்சாலையைத்தான்.

ஐயா என்னைத் திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. “நல்ல ஜோடிடா நாம” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பல் வலித்தது. அவர் சீட்டை அவர் கையிலேயே கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை நீங்களே படியுங்கள் ஐயா, நான் வீட்டுக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் அதைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. ஐயா சீட்டைப் பிரித்து, இது நான் எழுதியது, பல்வலியோடு மாத்திரை வாங்க வந்த இந்தத் தம்பி கையில் போய்ச் சேர்ந்தது என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டுப் படித்தார். கீழே மெஷின்கூட ஓடவில்லை. அவர் மனைவி மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கடைசியில் அலாரம் அத்தைதான் எழுந்தார்.

“என் மகனுக்காக நீங்க ரெண்டு வருசமா ஜெபம் பண்றீங்க. உங்க சீட்டுக்கு ஒரே ஒரு வாரம்தான் ஆயிருக்கு, அதுவும் பல்வலிக்காரன் பண்ணினது. எங்களுக்கும் கொஞ்சம் டைம் குடுங்கய்யா.”

சோடாபுட்டி அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு ஹாலே சிரித்தது. ஐயாவும் சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மாதக் கடைசி வேண்டாம், அடுத்த மாதக் கடைசியில் பேசிக்கொள்ளலாம் என்றார். அன்றைக்குக் கடைசி ஜெபம் முடிந்தும் யாரும் படியிறங்கவில்லை. வேலை கிடைத்த ஒருவர், தன் கிடங்கில் ஆள் எடுப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாங்கள் ஐந்து பேர் நாளை அங்கே போகிறோம். கிடைக்குமா தெரியாது.

ஐயா சொல்லிவிட்டார். இப்போது என் முறை. பையில் நான் போடாத சீட்டு இதுதான் அக்கா. அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, ஆனால் சாப்பிட்ட பிறகு சொல். பல்வலி சரியாகிவிட்டது என்பதை முதலில் சொல்.