தங்கவேல் உடம்பிலிருந்த செம்புக் காசுகள்

1968 சித்திரையில், கரையான்சாவடி சைக்கிள் கடைத் தங்கவேலின் உடம்புக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பழங்காசுகள் இருந்தன. விழுங்கியவை அல்ல. பிடித்த காசு கைக்கு வந்தால் தோல்மேல் வைத்து அழுத்துவான். ஈரக் களிமண்ணில் கூழாங்கல் இறங்குவதுபோல அது உள்ளே போய்விடும். ரத்தம் வராது, தழும்பும் இருக்காது. நயா பைசா வந்த புதிதில் சைக்கிள் வாடகைக்குச் செல்லாக் காசுகளை ஜனங்கள் அவன் தலையில் கட்டினார்கள். அப்படிச் சேர்ந்தது பாதி, பூந்தமல்லியில் தேடி வாங்கியது பாதி. வெள்ளி ரூபாய்கள் மார்பில் இருந்தன, எட்டணாக்கள் தோளில். மிளகளவே இருக்கும் திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரங்கள் நகக்கண்களில். கும்பினிக் காலத்துச் செம்பெல்லாம் வயிற்றிலும் தொடையிலும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புருஷன் செத்தபின் அவனோடு வந்து தங்கிவிட்ட தங்கை லோகநாயகிதான் சோறு போட்டாள். அவன் புரண்டு படுக்கும்போது கேட்கும் கிலுகிலு சத்தம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

அந்த வைகாசியில் தங்கவேல் பச்சையாகத் தொடங்கினான். முதலில் தொப்புளைச் சுற்றி, தேய்க்காத செம்புக் குடத்தில் பிடிக்கும் களிம்பு மாதிரி. ஆனியில் அது விலாவுக்கு ஏறியது. பனியனில் பச்சை வேர்வை. சோறு தங்கவில்லை. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயை இன்னும் இரண்டு டாக்டர்களுக்குக் காட்டிவிட்டு வந்து, காசு இருக்கிற இடத்தில் கத்தி வைக்க முடியாது, செம்பு தானாக வெளியே வந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் கார்த்திகையைத் தாண்டாது என்றார். பஸ் கட்டணம் எவ்வளவு என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

காசு எப்படி வெளியே வரும் என்பது பூந்தமல்லி நஜீர் பாயால் தெரிந்தது. பழைய வெள்ளி, பித்தளை வாங்கி விற்கிறவர். பஞ்சர் ஒட்டக் கடைக்கு வந்தவர், தங்கவேலின் மார்பை நகத்தால் சுண்டிக் காதை வைத்துக் கேட்டார். "ராணி ரூபா. நல்ல வெள்ளி. அஞ்சரை தரேன்" என்றார். அது சரியான விலை என்று தங்கவேலுக்கும் பட்டது. பட்ட நொடியில் காசு தோலைவிட்டுக் கழன்று தரையில் விழுந்தது. அஞ்சேகால் என்று சொல்லியிருந்தால் விழுந்திருக்காது. இதைப் பிறகு பலமுறை சோதித்துப் பார்த்தார்கள். தங்கவேலின் மனசு விலையை ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நாலு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்து நஜீர் சுண்டிச் சுண்டிக் கேட்டார். யுத்தகால ரூபாய்களில் பாதிதான் வெள்ளி என்பதை ஓசையிலேயே பிரித்தார். வெள்ளி தொண்ணூற்றாறும் போயின. நானூற்றுப் பத்து ரூபாய் கிடைத்தது. காட்டுப்பாக்கத்தில் வயலை மனையாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்த வேம்புலியிடம் லோகநாயகி அதில் நானூறை முன்பணமாகக் கொடுத்தாள். வாடகை வீட்டில் சாகக் கூடாது என்பது அவளுடைய ஒரே ஆசை. ஆனால் கொல்வது வெள்ளியில்லை. மிச்சமிருந்த இருநூற்றுப் பதினாறும் செம்பு.

"செம்புன்னா எடைக்கு எடைதான் தங்கவேலு" என்றார் நஜீர்.

"இன்னா பாய், ஓட்டக் குண்டானா எடை போட? ஆயிரத்தி எட்நூத்தி மூணுல அடிச்ச காசு."

"அதே காசு எங்கடைல ஒரு கூடை கீதுபா. ஈ ஓட்டிகினு கீறேன்."

தங்கவேலின் வயிறு இறுகியது. மேலாக இருந்த காசுகள்கூட ஆழத்துக்குப் போய்விட்டன. பாரிமுனையிலிருந்து ஒரு காசு வியாபாரியை லோகநாயகி டாக்சி வைத்துக் கூட்டிவந்தாள். அவர் தடவிப் பார்த்துவிட்டு, விலை எதுவும் சொல்லாமல் காப்பி குடித்துவிட்டுப் போனார். ஒன்றும் விழவில்லை.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. தினமும் காலையில் லோகநாயகி வெள்ளைத் துண்டை அவன் கழுத்தில் ஒற்றிப் பார்ப்பாள். வாரத்துக்கு ஒரு விரற்கடை கறை ஏறியிருக்கும். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் திருகாணிகளை நூறு நூறாகப் பொட்டலம் போடும் வேலை அவளுக்கு. பொட்டலங்களில் தொண்ணூறும் நூற்றிருபதுமாக வர ஆரம்பித்து, மேஸ்திரி இரண்டு தடவை எச்சரித்தார். ஐப்பசி மழை பிடித்த அன்று கறை தாடையைத் தொட்டது. அவள் நேராகக் காட்டுப்பாக்கம் போய் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டாள்.

"பின்னால வந்து அழுதா மனை கெடைக்காதும்மா" என்றான் வேம்புலி.

"நீ துட்ட எட்து வை."

பாயில் கிடந்த அண்ணன் முன்னால் பணத்தோடு உட்கார்ந்தாள். "தொப்புளாண்ட கீறத நான் வாங்கிக்கறேன். இன்னா வெல?"

இரண்டு ரூபாய் என்றான். உடனே நீட்டினாள். காசு வரவில்லை. அடுத்ததற்கு மூன்று என்றான், மூன்றையும் நீட்டினாள். அதுவும் வரவில்லை. எங்கே தப்பு என்று அன்று முழுக்க யோசித்தாள். கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுப்பவள் காசு வாங்க வந்தவள் இல்லை, வைத்தியச் செலவு செய்ய வந்தவள். அது தங்கவேலுக்குத் தெரிந்திருந்தது. பேரம் பேசாத விலையை அவன் மனசு விலையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் வேறு மாதிரி உட்கார்ந்தாள். "இதுக்கா ரெண்டு ரூபா? தராசு படம் தேஞ்சி மொட்டையா கீது. பன்னண்டணா."

"தேஞ்சிகீதா? உன் கண்ணுதான் அவிஞ்சிகீது."

"பாய் கடைல கூடை கூடையா கொட்டிக் கெடக்குது. உன்து இன்னா ஒசத்தி?"

"அப்ப அங்க போய் வாங்கு, போ."

"பதினாலணா. இஷ்டம்னா குடு, இல்ல உள்ளயே வெச்சிகினு சாவு."

மூன்று வாரமாக எழாதவன் கோபத்தில் எழுந்து உட்கார்ந்தான். ஒண்ணேகாலில் படிந்தது. காசு பாயில் விழுந்தது, பாசி பிடித்ததுபோல வழுவழுவென்று. லோகநாயகி அதை எடுத்துத் துடைக்கவில்லை, அழவுமில்லை. அடுத்த காசுக்கு நகர்ந்தாள். பதினெட்டு நாள் இப்படி நடந்தது. வேலைக்குப் போகவில்லை, இருந்த வேலையும் போயிற்று. நாலாம் நாளுக்குப்பின் அவள் நடிக்கவில்லை. பணம் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் நாலணாவுக்கு நாலணா நிஜமாகவே சண்டை போட்டாள். அதனால் காசுகளும் சீக்கிரம் விழுந்தன. பச்சை தாடையிலிருந்து இறங்கி, மார்பிலிருந்து இறங்கி, வயிற்றில் வெளுத்தது. கார்த்திகை பிறந்த அன்று தங்கவேல் இரண்டு தட்டு சோறு தின்றான்.

இருநூற்றுப் பதினைந்து வெளியே வந்துவிட்டன. ஒன்றே ஒன்று பாக்கி: தொண்டைக்குழியில் ஓர் ஓட்டைக் காலணா. அவளிடம் மூன்று ரூபாய் மிச்சமிருந்தது. அவன் ஐந்து கேட்டான். ஐந்து இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள். மூன்றுக்கு மேல் அந்தக் காசு பெறாது என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. அவனுக்கு ஐந்து என்று உறுதியாகத் தோன்றியது. ஒரு செம்பு ஆளைக் கொல்லாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அவள் கொடுத்த பணத்தில் தங்கவேல் கடைக்கு இரண்டு புதுச் சைக்கிள் வாங்கினான். மனையை ஆவடிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். காலணாவின் ஓட்டை வழியாக மூச்சு போய்வரும்போது மெல்லிய விசில் கேட்கும். வாடகைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்டே கடை திறந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். லோகநாயகி விடியற்காலையில் கண்ணைத் திறக்காமல் முதலில் அதைத்தான் தேடுவாள். கேட்டபிறகு அடுப்பு மூட்டப் போவாள். வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்ததும், விலை கேட்பாள். 1974-இல் அவள் நாலு ரூபாய்வரை ஏறினாள். விலைவாசி இருக்கிற இருப்பில் எட்டுக்குக் குறையாது என்றான் தங்கவேல்.