கோண்டே திட்டவில்லை

உடலைச் சுற்றிய கபன் துணியின் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு ஆண்கள் திரையை விலக்கினார்கள். இறந்தவரின் மகள் நந்தெனின், அப்பாவைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை பிந்து அவள் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"யாரைடி தேடுற?"

"நாமோரி கோண்டேயை."

"காங்கான் ஊரே வந்துடுச்சு. அவன் வர்றவனா இருந்தா விடிஞ்சதுமே வந்திருப்பான். மதியத் தொழுகைக்கு எடுத்துடுவாங்க, தெரியும்ல?"

அவளுக்குத் தெரியும்.

அப்பா லன்சினே திராவொரே ஒரு இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். நாமோரி பாடகன். பெட்டிகளின் மேல் உட்கார்ந்து ஒரே லாரியில் பமாகோ, மன்ரோவியா, ஃப்ரீடவுன் என்று சுற்றியவர்கள். திராவொரேயும் கோண்டேயும் கேலிமுறைக் குடிகள் வேறு. எதிர்ப்பட்டால் ஒருவரையொருவர் "பயறுதின்னி" என்று வையாமல் போவதுதான் மரியாதைக் குறைவு. அதற்குக் கோபித்துக்கொள்பவனைப் பார்த்து ஊர் சிரிக்கும்.

அபிஜானில் இசைத்தட்டுப் பதிவுக்குப் புறப்பட்ட பயணத்தில், எல்லைச் சாவடியில் அப்பாவுக்குச் செய்தி வந்தது. ஐந்து வயது மகளுக்கு அம்மை, பிழைப்பது கஷ்டம். அவர் கிட்டாரோடு இறங்கிவிட்டார். மகள் பிழைத்தாள். குழு பிழைக்கவில்லை. இரவலுக்குப் பிடித்த ஆள் தாளத்தைக் கோட்டைவிட, கம்பெனிக்காரர்கள் எல்லோரையும் வந்த வழியே அனுப்பிவிட்டார்கள். பிறகு ஆளுக்கொரு திக்கு.

நாமோரி சண்டை போட்டிருந்தால் தேவலை. அவன் மரியாதை காட்ட ஆரம்பித்தான். சந்தையில் கண்டால், "சலாம் திராவொரே, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவான். தப்பு தன் பேரில் என்று நினைத்த அப்பாவுக்கு முதல் வசவை எடுக்க வாய் வரவில்லை. இப்படியே இருபத்தாறு வருஷம். சாயங்காலங்களில் அப்பா கிட்டாரை எடுத்துப் பழைய பாட்டுகளை வாசிப்பார். நாமோரி பாட வேண்டிய இடம் வந்தால் விரல்களை அடக்கிக் காத்திருந்துவிட்டு மேலே போவார்.

போன வாரம் படுக்கையில் கிடந்தவர், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் திருப்பினார்.

"கோண்டேவா?"

"ரொட்டிக்காரர்ப்பா."

"வந்து ஒரு வார்த்தை திட்டிட்டுப் போனான்னா போதும்."

நந்தெனின் நாமோரிக்கு இரண்டு முறை போன் செய்தாள். "அல்லாகிட்ட துஆ செய்யறேம்மா" என்று பணிவாகச் சொல்லி வைத்துவிட்டான். அந்த அம்மையிலேயே தான் செத்துப்போயிருந்தால் அப்பாவுக்கு அந்த வசவாவது மிஞ்சியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இமாம் முற்றத்தின் நடுவில் நின்று கேட்டார்: "லன்சினே யார் மனசையாவது நோகடிச்சிருந்தா மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சோம்" என்றது கூட்டம். அப்போதுதான் வாசலோரம் நாமோரி நிற்பது தெரிந்தது. வெள்ளை அங்கி, நரைத்த தாடி. உதடு அசையவில்லை. நேராக அவளிடம் வந்தான்.

"அல்லா பொறுமை குடுக்கட்டும்மா. நல்ல மனுஷர்."

நல்ல மனுஷராம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா கிடந்த கட்டிலைத் தூக்க ஆண்கள் குனிந்துவிட்டார்கள்.

"ஏ கோண்டே," என்றாள். குரல் கொஞ்சம் உரத்துவிட்டது. "இவ்வளவு நேரம் எங்க கிடந்த? எங்க வீட்டு அடுப்புல பயறு வெந்துடுச்சுன்னு மோப்பம் பிடிச்சு வந்தியா?"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். நாமோரி திரும்பிப் பார்த்தான். திராவொரே வீட்டுப் பெண் வம்புக்கு இழுத்தால் கோண்டே பதில் சொல்லாமல் போக முடியாது. பாட்டன் முப்பாட்டன் போட்டுவைத்த முறை அது. அவன் கட்டிலுக்கு முன்னால் போய், வெள்ளை அங்கியோடு மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"எடுக்க விடமாட்டேன். இவனாவது சாகறதாவது. ஒரு குண்டான் பயறைத் தின்னுட்டு மயங்கிக் கிடக்கான். ஏய் பயறுதின்னி, எந்திரி. இருபத்தாறு வருஷமா லாரியை நிறுத்தி வச்சிருக்கேன், ஒண்ணுக்குப் போனவன் இன்னும் வரல."

கிழவர் ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு முற்றமே சிரித்தது. இமாம்கூட தாடியைத் தடவுகிற சாக்கில் குனிந்துகொண்டார். நாமோரி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணீர் தாடியில் இறங்க இறங்க வைதுகொண்டேயிருந்தான். வழக்கப்படி ஏதாவது கொடுத்தால்தான் எழுவான். அத்தை இரண்டு கோலா கொட்டைகளைக் கொண்டுவந்து கையில் வைத்தாள்.

"இவ்வளவு சின்னதா? திராவொரே புத்தி வேற எப்படி இருக்கும்," என்று பையில் போட்டுக்கொண்டு எழுந்து, கட்டிலின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கிக்கொண்டான்.

பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். கூட்டம் மசூதிச் சுவரைத் தாண்டி மாமரங்களுக்கு அந்தப் பக்கம் திரும்பியது. "கனக்கிறான் பாரு, அவ்வளவும் பயறு," என்பது கேட்டது. அப்புறம் வார்த்தை புரியாமல் குரல் மட்டும் கேட்டது.

"உள்ள வாடி. நின்னது போதும்," என்றாள் அத்தை.

"இரு அத்தை. இன்னும் கேக்குது."

தெருவில் ஒரு சத்தமும் இல்லை.